ஜீரோ வார்னிங்

சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் கோடு எழுதிப் பிழைப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள்: கோடில் இருக்கும் பிழை ஒன்று, இல்லாத பிழையைக் கண்டுபிடித்துத் தரும் டூல் இன்னொன்று. என்கூட அவதிப்படுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். அடுக்குமாடிகளில் தண்ணீர் மோட்டாரைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் எலக்ட்ரானிக் போர்டு செய்கிறோம்.

சந்தேகப் பிராணி

மேனேஜர் ரமணன் சார் ஒரு டூல் வாங்கினார். புரோகிராமை ஓட்டாமலே படித்துப் பார்த்து, இங்கே தப்பு என்று ‘வார்னிங்’ கொடுக்கும். பாயிண்டர் என்பது ஒரு விவரம் மெமரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் விலாசம். விலாசம் காலியாக இருந்தால் அது ‘நல்’. அது தெரியாமல் அங்கே போனால் புரோகிராம் செத்துவிடும்.

இந்த டூலுக்கு எதைப் பார்த்தாலும் ‘நல்’லோ என்று சந்தேகம். இரண்டு வரி மேலே நான் சரிபார்த்திருப்பது அதன் கண்ணில் படாது. முக்கால்வாசி வீண் புகார் என்று சாருக்கு விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“நடக்காதுன்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டூலுக்குத் தெரியலையேம்மா. நல்லான்னு பாக்கிற மாதிரி ஒரு செக் போட்டுடு.”

சுதாகர் வைத்தியம்

நான் ஒவ்வொரு புகாராகப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் சுதாகருக்கு அந்தப் பொறுமை கிடையாது. டூல் கைகாட்டிய இடத்திலெல்லாம் ‘நல் என்றால் பேசாமல் திரும்பிவிடு’ என்று ஒரே வரியை ஒட்டினான். புகார் அத்தனையும் மறைந்தது. ரமணன் சார் கேக் வெட்டினார். நிஜமாகவே நல் வந்தால் என்ன ஆகும் என்று, வாயில் கேக்கோடு இருந்தவனைக் கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. அதானே வேணும்?”

மேடவாக்கத்தில் அருவி

நல்ல வெயில் காலம். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் லாரித் தண்ணீர் மொத்தமும் மொட்டைமாடித் தொட்டி வழிந்து தெருவுக்குப் போய்விட்டது. ஓடினேன். தொட்டி சென்சாரின் ஒயர் கழன்றிருந்தது. அதனால் பாயிண்டர் நல். முன்பென்றால் புரோகிராம் செத்து, போர்டு மறுபடி கிளம்பும்போது மோட்டாராவது நின்றிருக்கும். இப்போது சுதாகரின் வரி மோட்டாரை நிறுத்தும் இடத்துக்குப் போகாமலே பேசாமல் திரும்பிவிட்டது; மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை பொய்ப் புகாருக்கு நடுவே இது ஒன்று உண்மை. நானும் அதைப் படிக்காமல் தாண்டியிருந்தேன். வாட்ச்மேன் மட்டும் எங்கள் சரக்கைக் குறை சொல்லவில்லை.

“மோட்டாரு சூப்பரா ஓடிகினு கீதும்மா. நிக்கத்தான் மாட்டேங்குது.”

சான்றிதழ்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஜயா மேடத்தைச் சமாதானப்படுத்த வந்த ரமணன் சார், வேறெதுவும் தோன்றாமல், டூல் கொடுத்த ‘ஜீரோ வார்னிங்’ ரிப்போர்ட்டை நீட்டினார். காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் முழுசாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கரெக்ட் சார். தொட்டி வழிஞ்சப்பகூட எங்களுக்கு ஒரு வார்னிங்கும் வரலை.”

நடக்காத காரியம்

சென்சார் இல்லையென்றால் மோட்டாரை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போடும்படி மாற்றி எழுதினேன். டூலின் புதுப் பதிப்பு அதற்கும் குறை சொன்னது: இப்படி ஒரு நிலை வரவே வராதாம், அதனால் இது வீண் வரியாம். எடுத்துவிடு என்றார் ரமணன் சார். எடுக்கிறேன், மேடவாக்கத்துக்கு அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி, இருந்துட்டுப் போகட்டும். டூலுக்குத் தெரியாம பாத்துக்கோ.”

எங்கள் தொழிலில் இல்லாத பிழைக்கு நாள் முழுக்க விசாரணை நடக்கும், இருக்கும் பிழை ஜம்மென்று வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.