கீழவீதித் தகரக்குடை

சிதம்பரம் கீழவீதியில் என் சோடாக் கடைக்கு எதிரே பாயின் குடைக்கடை. அவருடைய அத்தா விளம்பரத்துக்கு மாட்டிய பெரிய தகரக்குடை தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். குடை வாங்க வருகிறவர்களைவிட அதை அடையாளம் வைத்து வழி கேட்கிறவர்கள்தான் ஜாஸ்தி.

அறுபதுகளில் ஒரு வருஷம், தேருக்கு இடிக்கும், கழற்று என்றது நகராட்சி. தெருவே போய்க் கெஞ்சியது. கீல் போட்டுச் சுவரோடு மடக்கினால் இருக்கட்டும், அதனால் தேர் நின்றால் கழற்றியே ஆக வேண்டும் என்றார்கள். கீல் போட்டோம். திருவிழாவாச்சே என்று கீலுக்கும் சேர்த்துப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டோம்.

தேரன்று ஏணியில் ஏறித் தள்ளினேன். பெயிண்ட் இறுகி, குடை அசையவில்லை. தேர் வீதிமுனை திரும்பிவிட்டது.

"தள்ளு மச்சான்!" பாய் ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

"நீ ஆட்டாத மாமா. குடைக்கு முன்னால நான் கழண்டு வுழுந்துடுவேன்."

தேர்ச்சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர், அச்சுக்கு விடும் விளக்கெண்ணெய் டின்னோடு ஓடிவந்தார். "ஊத்துய்யா, சாமி கோச்சிக்காது."

ஊற்றித் தள்ளினேன். குடை முனகிக்கொண்டே மடங்கியது. தேர் உரசாமல் போய்விட்டது.

சாயங்காலம் வரை பாய் கடைக்குள் போகவில்லை. ஏணியில் நின்று குடையை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார்.

"தேர்தான் போயிடுச்சே மாமா, எறங்கு."

"அடுத்த தேருக்கு இறுகிடுச்சின்னா?"