மாமாவின் இடப்பக்கம்

ஒன்பது வயதில் நான் ஒரு கள்ளியாக இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோடை லீவு முழுக்க என் மாமாவின் தட்டிலிருந்து, அவர் கண்ணெதிரிலேயே, அப்பளமும் உளுந்த வடையும் எடுத்துத் தின்றேன். ஒரே ஒரு தடவைதான் மாட்டினேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்தார். தென்காசியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அந்தப் பங்குனியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். இடது கையும் காலும் துவண்டுபோயின. பேச்சு, ஞாபகம், கோபம் எல்லாம் பத்திரமாக இருந்தன. சொந்தக்காரர்கள் பழக்கடைக்காரருக்கே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமாவுக்கு முன்னறையில் கட்டில் போட்டார்கள். அவருக்கு வலப்பக்கம் ஜன்னல். அங்கே ஒரு நாற்காலி, அதில் என் அம்மா. இடப்பக்கம் அடுக்களை வாசல். அங்கிருந்துதான் அத்தை சோறும் மருந்தும் வெந்நீருமாக நாள் முழுக்க வந்துகொண்டிருந்தாள். சண்டை இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் வந்தது.

அத்தை பேசினால் மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அவள் கேட்ட கேள்விக்கு என் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வார். தட்டில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதி சோறும் கூட்டும் அப்படியே இருக்க, “அக்கா, இவ ஏன் இம்புட்டூண்டு சோறு வைக்கா?” என்று கேட்பார். ஒரு நாள் முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு, “எப்படி இருக்கேன்?” என்றார். அத்தை கண்ணாடியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. “என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவ கூடப் பொறந்தவதான்” என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தை அதைக் கேட்டும் கேட்காததுபோல அம்மிக் குழவியைப் போட்டு இழுத்தாள்.

இதற்கிடையில் நான் என் தொழிலைக் கண்டுபிடித்திருந்தேன். மாமாவுக்கு இடப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்தால், தட்டின் அந்தப் பாதியிலிருந்து எதை எடுத்தாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. பேராசைப்பட்டு ஒரு தடவை வலது பாதியில் கைவைத்தேன். “ஏட்டி, கள்ளி!” என்று பொட்டென்று ஓர் அடி விழுந்தது. அதற்குப் பிறகு எல்லையைத் தாண்டவில்லை. இடது பாதியை எனக்காகத்தான் விட்டுவைக்கிறார் என்றுகூடக் கொஞ்ச நாள் நம்பினேன். காரணத்தை ஆராய நான் என்ன டாக்டரா? வடை மொறுமொறுவென்று இருந்தது, அது போதும்.

வைகாசிக் கடைசியில் வாசுதேவநல்லூரிலிருந்து அத்தையின் அண்ணன் வந்தார். அத்தை பையைக் கட்டி வைத்திருந்தாள். மாமாவுக்கு மத்தியானச் சாப்பாட்டை வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்று அழுதாள்.

“ஒன்றரை மாசமா அவரு மூஞ்சியப் பாக்கேன் அண்ணே. என் சத்தம் கேட்டாலே அங்கிட்டுத் திரும்பிக்கிடுதாரு. நான் ஆக்குனதுல பாதியத் தொடவே மாட்டேங்காரு. இதுக்கு மேல நான் எதுக்கு இங்கன?”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் இடப்பக்கம் வந்து, “ஏங்க, நான் எங்க ஊருக்குப் போறேன்” என்றாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே இருந்த என் அம்மாவைப் பார்த்து, “சரி, போயிட்டு வா” என்றார்.

அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் பையைத் தூக்கினார். என் அம்மாகூட நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எனக்குத்தான் பெரிய பயம் வந்தது. அத்தை போய்விட்டால் வடை யார் சுடுவது? என் அம்மாவின் வடையைத் தின்றவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

“அத்தே, அங்கன நின்னா மாமாவுக்கு ஆளே தெரியாது! இங்கிட்டு வா!” என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வாயால் இல்லை, கையால். மாமாவின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் மூக்குக்குக் கீழே இருந்த இரண்டு வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நான் விடவில்லை. தட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, இடதை வலதாக்கினேன்.

மாமா தட்டைப் பார்த்து அசந்துபோனார். “அடேயப்பா! இவ்வளவு சோறு எங்க இருந்து வந்துச்சு? வடைகூட இருக்கு!”

அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். மாமா தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அப்பப்பா!

“ஏட்டி, எங்க போயிருந்த? எத்தன நாளா உன்னத் தேடுதேன்! சத்தம் மட்டும் கேக்கு, ஆளக் காணோமே!”

அத்தை அங்கேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுடைய அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வடை என்றேன். அன்றைக்கு நான்தான் அந்த வீட்டின் ராணி.

மறுநாளே திருநெல்வேலியில் மூளை டாக்டரிடம் போனோம். அவர் ஒரு தாளில் தலையை வரைந்து வலது பக்கம் கோடு போட்டுக் காட்டினார். அத்தையிடம், “கண்ணு ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லுத இடந்தான் மூளையில அடிபட்டிருக்கு. அவரு உங்கள ஒதுக்கல. அந்தப் பக்கமே அவருக்கு இல்ல” என்றார். எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்துப் பழக்கிவிடக் கூடாது, யாராவது இடப்பக்கம் உட்கார்ந்து ஓயாமல் கூப்பிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவார் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜன்னலோர நாற்காலியை அத்தைக்குக் காட்டினாள். “நீ இங்கன உக்காரு. அங்கிட்டு நான் இருக்கேன்.”

அத்தை, “வேண்டாம் மதினி” என்றாள். அம்மா கேட்கவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முதுகில் அடித்தவளுக்கு நல்லா வேணும், தோற்றுப்போய் மூலைக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அம்மா அங்கேதான். “ஏலே, இங்கன பாருலே” என்பாள். மாமா அத்தையைப் பார்த்து, “அக்கா எங்கன இருந்து கூப்பிடுதா?” என்பார். அம்மா அவர் இடது கையைத் தேய்த்துவிட்டு மறுபடி கூப்பிடுவாள். ஊர்க்கதை, பழைய கதை, கத்தரிக்காய் விலை என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். பதிலெல்லாம் ஜன்னலுக்குப் போகும். பக்கத்து வீடுகளில் பெருமை பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஆடியில் நல்ல சாரல். மாமா கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு வரத் தொடங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஐந்தருவியில் கால்வைக்க இடமில்லாத கூட்டம். மாமாவுக்கு வலப்பக்கம் அத்தை ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம், மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னால், ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“ஏலே தம்பி” என்றாள், அன்றைக்கு எத்தனையாவது தடவையோ.

மாமா திரும்பினார். எப்போதும்போல அத்தை பக்கம் இல்லை, இடது பக்கம். கழுத்து மெல்ல மெல்ல வந்து, குவியலைத் தாண்டி, அம்மாவின் முகத்தில் நின்றது.

“அக்கா! நீ எப்ப வந்த?”

அத்தை தராசை அப்படியே விட்டுவிட்டாள்.  “இப்பதாம்லே வந்தேன்” என்றாள் அம்மா.

எனக்கு வந்ததே கோபம்! “மாமா, அம்மா பொய் சொல்லுதா! ரெண்டு மாசமா அவ உங்க பக்கத்துலதான் இருக்கா!” என்று அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். அம்மா என்னை அடிக்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் இவளுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.