தம்பி வீட்டுக்குப் போன தையல் மெஷின்

என் வீட்டுக்காரர் தையல்காரர். தன் நிழலுக்கே பயப்படுகிற ஜென்மம். வரி பாக்கிக்கு ஜப்தி செய்ய வருகிறார்கள் என்றதும், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், லாரி புரோக்கரான என் தம்பி வீட்டில் போர்வை போட்டு மூடிவிட்டு வந்தார்.

பீரோவை வெளியே எடுத்த அதிகாரி, "மெஷின் எங்கம்மா?" என்றார்.

"வித்துட்டோம் சார்." என்றேன் நான்.

"அடடா, ஏம்மா? பிழைப்புக்கான கருவியை நாங்க தொடக்கூடாதுன்னு சட்டமே இருக்கே! தையல்காரர் வீட்ல இருந்தா அதுக்கு ஆபத்தே இல்லை."

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டே, "இங்க லாரி புரோக்கர் வீடு எது? அவரும் பாக்கிதான்" என்றார்.

அந்த வீட்டில் ஊசி கோர்க்கத் தெரிந்தவர்கூட யாரும் இல்லை.