வீட்டு மொழியில் எழுதலாம் என்றேன்

பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் தடுக்கும் திட்டம் ஒன்றை பெங்களூரில் யாரோ தயாரித்திருந்தார்கள். அதை ஓசூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளுக்கு ஏற்ப மாற்றுவது என் வேலை. அந்தத் திட்டப் புத்தகத்தில் வரும் பிள்ளைகள் மெட்ரோவில் பள்ளிக்குப் போனார்கள், மனசு சரியில்லாதபோது கிட்டார் வாசித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மெட்ரோவை டவுன் பஸ்ஸாக்கினேன், கிட்டாரைத் தூக்கிவிட்டேன்.

நான் ரொம்பப் பெருமைப்பட்டது இன்னொரு மாற்றத்துக்காக. பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைப் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். 'தமிழில் எழுதவும்' என்றிருந்ததை 'வீட்டில் பேசும் மொழியிலும் எழுதலாம்' என்று திருத்தினேன். இங்கே பாதி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதானே. ஒன்பதாம் வகுப்பில் நின்று, "நான் மட்டுந்தான் படிப்பேன், வேற யாரு கண்ணுலயும் படாது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

எல்லோரும் தமிழில்தான் எழுதினார்கள். ஒரே ஒரு சீட்டு தெலுங்கு எழுத்தில் இருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருத்தம் போட்ட மேதாவிக்கு அது தோன்றவே இல்லை. சீட்டை வெளியே எடுத்துப்போய் அந்தப் பள்ளியை அறியாத யாரிடமாவது காட்டியிருக்கலாம். எனக்கு அவசரம். தெலுங்கு தெரிந்த கணக்கு வாத்தியாரிடமே நீட்டினேன்.

பரீட்சை முடிந்ததும் அம்மாவின் தம்பிக்குத் தன்னைக் கட்டிவைக்கப் போகிறார்கள், தான் படிக்க வேண்டும், எப்படியாவது நிறுத்துங்கள் மிஸ் என்று அதில் எழுதியிருந்தது.

"இது ரோஜாத் தோட்டத்துக்காரரு பொண்ணுங்க. தெலுங்கு மீடியத்துல இருந்து வந்தது இந்த கிளாஸ்ல அது ஒண்ணுதான்" என்றார் வாத்தியார். "அவங்கப்பா நமக்கு வேண்டியவருதான். நான் பேசிப் பாக்கறனுங்க."

நல்ல மனிதர். நானும் தலையாட்டினேன். குழந்தைகள் உதவி எண்ணுக்கு மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. வாத்தியார் பேசிய அன்று மாலையே, ஜூஜுவாடி எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். நான் உதவி எண்ணை அழைத்து, இங்கிருந்து அந்த மாநிலத்துக்குத் தகவல் போய், அங்கே ஆட்கள் கிளம்புவதற்குள் தாலி ஏறிவிட்டது.

கிருஷ்ணகிரிக்குக் குழந்தைகள் நலக் குழு விசாரணைக்கு அழைத்து வந்தபோதுதான் அவளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க மட்டுந்தான் படிப்பீங்கன்னு சொன்னீங்களே, மிஸ்" என்றாள். கோபம்கூட இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். நான் என் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

வருட முடிவில் அலுவலகத்தில், வீட்டு மொழிக்கு இடம் கொடுத்ததுதான் திட்டத்திலேயே சிறந்த மாற்றம் என்று பாராட்டினார்கள். நன்றி சொன்னேன். பிறகு அறிக்கையை நிரப்ப உட்கார்ந்தேன். படிப்பை விட்டவர்: ஒரு மாணவி. காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.