டாக்டரம்மாவின் நீல நோட்டு

அலுவலகத்தில் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். வைத்தியம் துளியும் தெரியாது, மென்பொருள் எழுதுபவர். ஆனால் காலை ஒன்பதரையிலிருந்தே அவர் மேசை முன்னால் ஆள் நிற்கும். எல்லோரும் எழுதும் நிரல்களை ஒன்றாகக் கோத்துச் செயலியாக்கித் தரும் கருவி ஒன்று அங்கே உண்டு. அது அடிக்கடி மறுத்துவிடும். ஏன் மறுத்தது என்று மட்டும் சொல்லாது. “கோப்பு இல்லை” என்னும். எந்தக் கோப்பு என்பது அதன் அந்தரங்கம். “நிர்வாகியை அணுகவும்” என்று நிர்வாகிக்கே அறிவுரை சொன்னதுண்டு. ஒருமுறை இப்படி: “பணி தோல்வி. காரணம்: வெற்றி.”

இதற்கெல்லாம் அர்த்தம் டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். ஒன்பது வருடமாக நீல நோட்டு ஒன்றில் எழுதி வந்தார். இடப்பக்கம் கருவி சொன்னது, வலப்பக்கம் அது சொல்ல வந்தது. ‘இடம் போதவில்லை’ என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. ‘கடவுச்சொல் தவறு’ என்றால் இடம் போதவில்லை.

“இதெல்லாம் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

“ரெண்டு நாள் அழுதேன். தானா தெரிஞ்சுது.”

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்ததில் சொந்த வேலை தேங்கியது. குழுத் தலைவர் பதவி இரண்டு வருடமாக அவரைத் தாண்டிப் போயிற்று. “உங்க வேலை நேரத்துக்கு முடியலையேம்மா” என்றார் மேலாளர், இரண்டு முறையும். மூன்றாவது வருடமும் பதவியை விட்டுவிடுவதாக டாக்டரம்மா இல்லை. கருவி ஒழுங்காகப் பேசினால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் வேலை முடியும் என்று கணக்குப் போட்டு, கருவியைச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

கணவர் கணக்கு வாத்தியார். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்துவார்: சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அடுத்த தாள்.

“எங்க தப்புன்னு ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்? அந்தக் கருவியும் நீங்களும் ஒரே ரகம்.”

“எழுதிட்டா மட்டும் படிச்சுக் கிழிச்சிடுவாங்களாக்கும்.”

டாக்டரம்மா இதைக் காதில் வாங்கவில்லை. கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தோரு கடிதங்களுக்கு “தங்கள் கடிதம் கிடைத்தது” என்று பதில் வந்தது. நாற்பத்திரண்டாவதற்குப் புதிய பதிப்பே வந்துவிட்டது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன கோளாறு, என்ன செய்ய வேண்டும்: பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி முழுப் பத்தியாகப் பேசியது.

மேசை முன்னால் ஈ காக்காய் இல்லை. நாலு மாதம் அவர் வேலையெல்லாம் கெடுவுக்கு முந்தைய நாளே முடிந்தது. பதவிப் பேச்சு வந்தபோது மேலாளர் தலையைச் சொறிந்தார்.

“வேலை பிரமாதம்மா. ஆனா முன்ன மாதிரி நீங்க யாருக்கும் உதவுறதில்லன்னு ஒரு பேச்சு இருக்கு. தலைமைன்னா நாலு பேர் தேடி வரணும் இல்லையா? வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன்.”

புதன்கிழமை மத்தியானம் மேலாளரே மடிக்கணினியைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்து நின்றார். மூன்று மணிக்கு மேலிடத்தில் செயலியைக் காட்ட வேண்டும்; கருவி மறுத்துவிட்டது.

“என்னமோ பக்கம் பக்கமா எழுதியிருக்கும்மா.”

“படிச்சீங்களா சார்?”

“அதுக்கெல்லாம் எங்க நேரம்? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

திரையில் பளிச்சென்று இருந்தது: அமைப்புக் கோப்பின் பதினேழாம் வரியில் அடைப்புக்குறி மூடப்படவில்லை, மூடினால் போதும். படித்துக் காட்ட ஐந்து நொடி ஆகும். டாக்டரம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு கடிதம் எழுதிய கை இழுப்பறையைத் திறந்து நீல நோட்டை வெளியே எடுத்தது.

“உக்காருங்க சார். எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”

இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. அதில் பெரும்பகுதி நோட்டைப் புரட்டியது. வெள்ளிக்கிழமை பதவி வந்தது. திங்கட்கிழமை காலை மேசை முன்னால் மூன்று பேர் நின்றார்கள். மேலாளர்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மூன்று பேரின் திரையிலும் விடை எழுதியிருந்தது.