கடை முத்திரை

எலவனாசூர்கோட்டையில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. பிஸ்கட் வாங்க எதிரே இருக்கும் மளிகைக் கடைக்குப் போகிறேன். தராசில் சாய்த்து வைத்த செல்போனில் கடைக்கார பாயின் மகள் தெரிகிறாள். கனடாவில் தன் வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் அந்நாட்டுக் குடிமகளாக உறுதிமொழி எடுக்கிறாள். மருமகன் அதை வீடியோ காலில் காட்டுகிறார்.

அவள் வலது கையைத் தூக்கியதும் பாயும் தூக்குகிறார். வயல் வேலை முடிந்து புளி வாங்க வந்த அக்கா, பொட்டலத்தோடு கையைத் தூக்குகிறார். நானும்தான். உறுதிமொழி ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாறியதும் ஆளுக்கொரு பாஷையில் முனகுகிறோம்.

"அத்தா, நான் இப்ப கனடா சிட்டிசன். இந்தியா பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்துடணும். இனிமே ஊருக்கு வரணும்னா விசா வாங்கணும்."

அக்கா சட்டென்று கையை இறக்கி என்னைப் பார்க்கிறார். "இன்னாங்க, நானும் தூக்கிட்டனே. என் ரேஷன் கார்டு போய்டுமா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்கிறேன், சிரிப்பை அடக்க முடியாமல்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு விசாவா?"

மேசை டிராயரைத் திறந்து கடை முத்திரையை எடுக்கிறார். பில் தாளில் ஓங்கிக் குத்தி, போனுக்கு நேராகப் பிடிக்கிறார். ஊதா மையில் 'மளிகை, மொத்தம் மற்றும் சில்லறை'.

"விசா குடுத்தாச்சு. பெருநாளைக்கு வந்துடு."