மூன்றாவது பெட்டியின் சாம்பல் நிறம்

இணையப் பக்கங்களுக்கு நிறமும் எழுத்தளவும் விதிப்பது எங்கள் தொழில். விதித்ததெல்லாம் நடக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் இதற்குள் வந்து மாட்டுகிறோம்.

தெரியாத திகதி

பல்லேகலயில் தையல் பயிற்சி நிலையம் நடத்தும் ராஜேஸ்வரி, அம்பிட்டியவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவருடைய பக்கத்தில் சிங்களமும் ஆங்கிலமும் கறுப்பில். மூன்றாவது பெட்டியில் இருந்த தமிழ் மட்டும், கடைசித் திகதியோடு சேர்த்து, வெளிறிய சாம்பலில். தமிழுக்குச் சம இடம் கேட்டு முப்பது வருஷம் தொழிற்சங்கத்தோடு தோட்டம் தோட்டமாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன் நான். என் மேசையிலிருந்தே இப்படி ஒன்று போயிருக்கிறது.

"வெள்ளிக்கிழமையோட விண்ணப்பம் முடியுது சார். நம்ம புள்ளைக இத எந்தக் கண்ணால வாசிக்கும்?"

பதினொரு பேர் ஊர்வலம்

தமிழ்ப் பந்திகள் எல்லாம் கறுப்பு என்று எழுதினேன். அசையவில்லை. தமிழுக்கு ஒரு கிளாஸ், அதாவது பலதுக்கும் பொதுவாக ஒட்டக்கூடிய கூட்டுப் பெயர் ஒன்று, கொடுத்து எழுதினேன். அதற்கும் அசையவில்லை. தொழிற்சங்கக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஆள் சேர்ப்பது. ஒரே விதியில் பதினொரு கிளாஸ்களை வரிசையாக நிறுத்தினேன். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களில் பாதிப் பேராவது இதைச் செய்திருப்பீர்கள்.

பக்கத்துக் கதிரையில் இருக்கும் தர்சினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எட்டிப் பார்த்தாள். எங்கள் முதலாளி எழுதிவைத்த பழைய பக்க மாதிரியில் அந்தப் பெட்டிக்குத் தனியாக ஓர் ஐடி, அதற்கு மட்டுமே உரிய பெயர், இருந்தது. உள்ளே இருக்கும் பந்திகளுக்கான சாம்பல் அந்த ஐடியின் பெயரைச் சொல்லி எழுதப்பட்டிருந்தது.

"நூறு கிளாஸ் சேர்ந்தாலும் ஒரு ஐடியை வெல்லேலாது அண்ணை. அதின்ர பேரைச் சொல்லித்தான் நீங்களும் கேக்கோணும்."

அவசரகாலச் சட்டம்

முதலாளி வைத்த பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற விதிகளையெல்லாம் அடக்குகிற 'இம்போர்ட்டன்ட்' என்ற சொல் இருக்கிறதே, அதைப் போட்டு, பெட்டிக்குள் உள்ள எழுத்தெல்லாம் கறுப்பு என்று உத்தரவிட்டேன். தமிழ் பளிச்சென்று நின்றது. வீட்டுக்குப் போனேன்.

பெட்டிக்குள் கறுப்புப் பட்டன் ஒன்றும் இருந்தது. அதில் வெள்ளையாக இருந்த 'விண்ணப்பிக்க' என்ற எழுத்தும் என் உத்தரவுக்குப் பணிந்து கறுத்துவிட்டது. வியாழன் காலையில் ராஜேஸ்வரியின் தொலைபேசி.

"திகதி நல்லா தெரியுது சார். எங்க அமுக்குறதுன்னுதான் தெரியல."

ஒற்றை வரி

எல்லாவற்றையும் அழித்தேன். பெட்டியின் ஐடி, அதன் பின்னால் தமிழ்ப் பந்தி: ஒரே வரி. பந்தி கறுத்தது, பட்டனில் வெள்ளை திரும்பியது. தர்சினி பார்த்தும் பார்க்காதவள் போல் இருந்தாள். மறுநாள் ராஜேஸ்வரி பேசினார்.

"கலஹாவிலருந்து மூணு புள்ளைக விண்ணப்பம் போட்டிருச்சுங்க சார், போன்லயே!"

முப்பது வருஷம் கூட்டம் சேர்த்த எனக்குக் கடைசியில் வென்று கொடுத்தது, முதலாளி வைத்த பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கோரிக்கையைப் பின்னால் வைத்த ஒரு வரிதான்.